ஒலிக்கு ஐந்து மதிப்பெண்

மகள் ஹார்ட் டிஸ்கைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "அப்பா, என் படம் இதுல இருக்கு. நான் கெளம்பறதுக்குள்ள நாம மூணு பேரும் உக்காந்து பாத்துடணும்" என்று சொன்னபோது, பட்டியலார் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். சரி. அதற்குப் பதிலாக அவர் வாயிலிருந்து வந்தது, "எதுல போட்டுப் பாக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்மா" என்பது. பத்து நாள் கழித்து அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறார். அன்றைக்கு என்னவோ மிகவும் பொறுப்பாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்தார்.

பட்டியலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடம் நாற்காலியைத் தேய்த்துச் சம்பாதித்தது. பஞ்சு வாங்கினாலும் சரி, எலும்பைப் படம் பிடிக்கும் இயந்திரம் வாங்கினாலும் சரி, அங்கே வழி ஒன்றுதான். மூன்று இடத்திலிருந்து விலைப்புள்ளி வாங்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு அம்சத்துக்கும் இவ்வளவு என்று நூற்றுக்கு மதிப்பெண் தர வேண்டும். சாமானை வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, தேறாததை ஒரு நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒட்டிய உறையில் வந்ததைக் குறித்த தேதிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது; பிரித்தால் வேலைக்கே உலை. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். மாலை ஐந்தரை மணிக்கு அதை அங்கேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் தலையணை உறை வாங்கவும் பட்டியல் போட்டவர். அதில் தேர்வான உறை இரண்டாம் சலவையிலேயே சாயம் போய் அவர் கன்னத்தில் ஒரு வாரம் நீலம் ஒட்டியிருந்தது.

மகளின் படிப்புக்கும் போட்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் படிப்பில் சேரப்போவதாகச் சொன்னதும், மூன்று படிப்புகளை வரிசையாக எழுதி, கோடு போட்டு, மதிப்பெண் கொடுத்து அவளிடம் நீட்டினார். ஒலிப் படிப்பு மூன்றாவதாக வந்தது, நூற்றுக்கு முப்பத்தொன்று. அவள் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூன்றாவதாக வந்ததிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன்பிறகு அலுவலகத்தில் யாராவது, "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டால், "சினிமாவுல இருக்கா" என்பார். "சினிமாவுல என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தால் செருமிக்கொண்டு கோப்பைத் திறந்துவிடுவார்.

இப்போது அவளுக்குக் கடல் தாண்டி ஒரு ஒலிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டாக்ஸி. அதற்கு முன் பத்து நாள் வீட்டில். அவள் தனியாகப் பொறுப்பெடுத்து ஒலி செய்த முதல் படம், இன்னும் வெளிவராதது, எப்போது வரும் என்று எடுத்தவருக்கே தெரியாதது, அந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தாள். போகிற வழியில் இயக்குநர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பார்ப்பதென்றால் இந்தப் பத்து நாளில்தான்.

ஹார்ட் டிஸ்கை டிவியில் செருகிப் பார்த்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் பட்டியலாரே பட்டியல் போட்டு வாங்கிய டிவி அது. தன்னில் ஒன்று செருகப்பட்டதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

"லேப்டாப்பை டிவியோட ஒரு ஒயர்ல இணைச்சுடலாம்பா. பத்து நிமிஷ வேலை" என்றாள் மகள். "நான் முன்ன வேலை பாத்த ஸ்டூடியோவோட லேப்டாப். அடுத்த வாரம் சனிக்கிழமை திருப்பிக் குடுக்கணும். அதுக்குள்ள பாத்துடுவோம்."

"உன் முதல் படம்மா. கூடத்துக்குக் குறுக்க ஒயரைத் தொங்கவிட்டா பாக்கறது? முறையா ஒரு பெட்டி வாங்கி மாட்டிப் பாப்போம். ரெண்டு நாள் குடு."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அப்பாவின் இரண்டு நாள் எவ்வளவு நீளம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் தலையாட்டினாள்.

பட்டியலார் உட்கார்ந்தார். வீட்டில் கணினி கிடையாது. அலுவலகத்தில் ஒன்று இருக்கும்போது வீட்டில் எதற்கு என்று அதற்கும் ஒரு காலத்தில் பட்டியல் போட்டிருந்தார். வெள்ளைத் தாள், அடிக்கோல், இரண்டு நிறப் பேனா. டிவியின் முதுகில் செருகி மறைத்துவிடக்கூடிய குச்சி ஒன்று. அதற்கு 'அ' என்று பெயர் வைத்தார். ஹார்ட் டிஸ்கை நேராக மாட்டிக்கொள்ளும் கையகலக் கறுப்புப் பெட்டி 'ஆ'. ஆயிரம் படத்தை வயிற்றில் போட்டுக்கொண்டு உறுமும், ஒரு சின்ன அலமாரியளவு இருக்கும் சாதனம் 'இ'. பிறகு மதிப்பெண். படத் தெளிவுக்கு இருபத்தைந்து. திறக்கும் வேகத்துக்குப் பதினைந்து. உத்தரவாதத்துக்குப் பதினைந்து. ரிமோட், சப்டைட்டில், சூடாகாமல் இருப்பது ஆகியவற்றுக்குத் தலா பத்து. தோற்றத்துக்கு ஐந்து. பெட்டியின் முன்பக்க விளக்கு கண்ணை உறுத்தாமல் இருப்பதற்கு ஐந்து. கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றைந்து வந்தது. இன்னும் எதையாவது சேர்க்க வேண்டுமே என்று பேனாவைக் கடித்தபடி யோசித்து, கடைசி வரியில் 'ஒலி' என்று எழுதி, எதிரில் ஐந்து போட்டு நூறாக்கினார்.

தான் என்ன எழுதினோம் என்று அவருக்கு உறைக்கவில்லை என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் ஒலி என்றால் அப்படித்தான். அவர் மனைவி அதே மருத்துவமனையில் செவிலியர். பதினெட்டு வருடமாக ராத்திரி டியூட்டி. காலையில் வந்து குளித்துப் படுத்தால் மதியம் இரண்டு மணி வரை வீட்டில் ஈ பறக்கக்கூட யோசிக்கும். அழைப்பு மணியின் ஒயரைப் பட்டியலார் என்றைக்கோ பிடுங்கிவிட்டார். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை. கதவிடுக்கில் துணி. டிவியை எப்போது போட்டாலும் முதலில் மியூட் பொத்தான், பிறகுதான் சேனல். விடுமுறை நாட்களில் அப்பாவும் மகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து ஊமையாகவே படம் பார்ப்பார்கள். ஐந்து வயதில் மகள் அவர் காதருகில் வாயை வைத்து, திரையில் கதவு திறந்தால் "க்ரீச்" என்பாள், குதிரை ஓடினால் நாக்கைத் தட்டுவாள், இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு குரலிலும் கிசுகிசுப்பாகத் திட்டுவாள். அவருக்கும் சிரிப்பு தாங்காது. சிரிக்கவும் கூடாதே, தலையணையைக் கடித்துக்கொள்வார்.

இரண்டு நாள் நான்கு நாளானது. ஐந்தாம் நாள் கடைக்குப் போனார். மின்னணுச் சாமான் கடையை நடத்தும் அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவருடைய தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சார், இது பெட்டி. மாட்டினா படம் ஓடும். அவ்வளவுதான் சார்."

"அவ்வளவுதானான்னுதான் பாக்கணும்மா. மூணையும் எடுத்துட்டுப் போய் சோதிச்சுட்டு, ரெண்டைத் திருப்பித் தந்துடறேன்."

"பொட்டியைப் பிரிச்சுட்டா நான் யாருக்கு விக்கிறது?"

"கிழிக்காம பிரிப்பேன். இருபத்தாறு வருஷ அனுபவம்."

முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் அந்த அம்மாள் மூன்றையும் எடுத்து நீட்டியது அவர் அனுபவத்துக்கு மரியாதை செய்து அல்ல, பின்னால் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதால்தான்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சோதனையில் இறங்கினார். மனைவி உள்ளே தூங்க, மியூட்டை அழுத்திவிட்டு, அ, ஆ, இ மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டினார். அவரிடம் ஒரு பழைய டிஸ்கில் பல வருடமாகச் சேர்த்த எழுநூறு படங்கள் இருந்தன. எப்போதாவது பார்க்கலாம் என்று சேர்த்தவை. ஒன்றைக்கூட இறுதிவரை பார்த்ததில்லை. இப்போது மூன்றே நாளில் நூற்று நாற்பது படங்களின் முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்து முடித்தார். வெப்பமானியைப் பெட்டிமேல் வைத்துக் குறித்துக்கொண்டார். ரிமோட்டைச் சமையலறையிலிருந்து அழுத்திப் பார்த்தார். அங்கே நின்று யார் படம் பார்க்கப்போகிறார்கள் என்று அவரே ஒருமுறை தன்னைக் கேட்டுக்கொண்டார். பதில் இல்லாததால் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஏழாம் நாள் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, எதுக்கு யார் யார் படத்தையோ போட்டுப் பாக்கறீங்க? என் படத்தையே போட்டுப் பாருங்களேன். ஓடுச்சுன்னா அப்படியே பாத்துடலாம்."

"அது ஒட்டின உறைம்மா. குறிச்ச நாள்லதான் பிரிக்கணும்."

வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "சரிப்பா" என்று உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கி முடித்த பெட்டியைத் திறந்து மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். பட்டியலார் வெப்பமானியைப் பார்த்தார். முப்பத்தெட்டு என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அதே காலையில் பட்டியலார் கூட்டல் போட்டு முடித்தார். 'ஆ' எண்பத்தேழு மதிப்பெண்ணில் வென்றது. ஒலிக்கு மூன்றுக்கும் முழுசாக ஐந்து போட்டிருந்தார். ஒன்றுமே கேட்காததால் குறை சொல்ல எதுவும் இல்லை. விதிப்படி அ-வையும் இ-யையும் கிழியாமல் உறையிலிட்டு, கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள், "நாளைக்குக் கடை லீவு சார். மறுபடி ஏதாச்சும் சோதிக்கணும்னா திங்கக்கிழமைதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று பிற்பகல் தூங்கி எழுந்த மனைவி சமையலறையில் நின்றபடியே கேட்டாள். பதினெட்டு வருடம் நோயாளிகளோடு பழகியவளுக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"உங்களுக்கு அவ படத்தைப் பாக்கப் பயமா இருக்கா?"

"எனக்கா? எனக்கென்ன பயம்? சாதனம் சரியா இல்லன்னா..."

"சாதனத்தை விடுங்க. அவ என்ன நெனச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியுமா? 'அப்பாவுக்கு நான் இந்த வேலைக்குப் போனது இன்னும் பிடிக்கலம்மா, அதான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்காரு'ன்னு நேத்து எங்கிட்ட சொல்லி அழுதா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிடிக்காததெல்லாம் எப்போதோ போய்விட்டது. இருந்தது வேறு. படம் பார்த்து முடித்ததும் அவள் திரும்பி, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்பாள். சத்தமில்லாத வீட்டில் வாழ்ந்து பழகிய மனிதருக்கு ஒலியில் நல்லது எது, கெட்டது எது என்று என்ன தெரியும்? ஒன்றும் புரியாமல் அசடு வழிய உட்கார்ந்திருப்பார். முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முகத்தை நினைத்துக்கொண்டு அவள் இரண்டு வருடம் அங்கே இருப்பாள். நெஞ்சில் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் பெட்டியின் சூட்டை அளந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு மணிக்கு என்னை எழுப்புங்க. நானும் பாக்கறேன்" என்றாள் மனைவி. "ராத்திரி டியூட்டி இருந்தாலும் பரவால்ல, தூக்கம் கெட்டா கெடட்டும். சத்தமா வச்சே பாப்போம்."

ஞாயிறு மதியம் ஒன்றரை. மூன்று பேரும் சோபாவில். மகளின் பெட்டிகள் வாசல் ஓரம் நின்றன. பட்டியலார் தலைவாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். விலைப்புள்ளி பிரிக்கும் நாளில் அப்படித்தான் போவார். 'ஆ' பெட்டியில் ஹார்ட் டிஸ்கை மாட்டினார். ஏழு நொடியில் திறந்தது. திறக்கும் வேகத்துக்குப் பதினைந்துக்குப் பதினான்கு கொடுத்தது வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. படம் பளிச்சென்று வந்தது. ஆற்றங்கரை, விடியற்காலை, படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் ஒரு மனிதர் கூண்டுக் கதவைத் திறக்கிறார்.

"மியூட்டை எடுங்கப்பா" என்றாள் மகள்.

எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினார். இருபது. நாற்பது. எட்டு வருடத்தில் அந்த டிவி தொட்டே இராத எண்ணெல்லாம் திரையில் ஏறியது. எழுபது, தொண்ணூறு, நூறு. சீட்டுக்காரர் வாயைத் திறந்து யாரையோ கூப்பிட்டார். கூடத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு செய்தி வந்து நின்றது: இந்தப் படத்தின் ஒலி வகையை இந்தப் பெட்டியால் இயக்க முடியாது.

அணைத்துப் போட்டார்கள். கழற்றி மாட்டினார்கள். மகள் செல்போனில் செருகிப் பார்த்தாள். அது டிஸ்கைத் திறக்கவே மாட்டேன் என்றது. கடைக்கு விடுமுறை. அ-வும் இ-யும் கிழியாத உறைக்குள் பூட்டிய கடைக்குள்ளே. லேப்டாப் போய்விட்டது. வீட்டில் சத்தம் போட அனுமதி கிடைத்த ஒரே நாளில் சத்தம் வரவில்லை.

"இதை நீங்க சோதிச்சுப் பாக்கலையாப்பா?" என்று கேட்டபடி மகள் டிவிக்குப் பக்கத்திலிருந்த தாளை எடுத்தாள். அவர் தடுக்க எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். அவள் விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக் கடைசி வரியில் நின்றது.

"ஒலிக்கு அஞ்சு மார்க்."

அவள் விரல் ஒரு வரி மேலே போய்த் திரும்பி வந்தது.

"முன்பக்க விளக்குக்கும் அஞ்சு. ஒலிக்கும் அஞ்சு" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அன்னிக்கு என் படிப்புக்கு முப்பத்தொண்ணு போட்டீங்க. அதைவிடக் குறைஞ்சுட்டேன்."

பட்டியலாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. நூற்று நாற்பது படம் போட்டுப் பார்த்தவன், ஒன்றைக்கூடக் காதால் கேட்டுப் பார்க்கவில்லை. சொந்த மகளின் வேலை என்னவோ அதற்குக் கடைசி வரியில் இடம் கொடுத்திருக்கிறான். இப்படிப்பட்டவனை எந்தப் பிரிவில் உட்கார வைத்தாலும் ஆபத்துதான்.

"பயந்துட்டேம்மா" என்றார். "பிடிக்காம இல்ல. நீ செஞ்சதைக் கேட்டுட்டு எனக்கு ஒண்ணும் புரியலன்னா? அந்த முழிப்பை நீ பாத்துடுவியேன்னு. அதான் பெட்டி, சூடு, ரிமோட்டுன்னு... நாள் ஓடட்டும்னு இருந்துட்டேன். நான் ஒரு முட்டாள்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாக ஐந்து நிமிடம்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. ரிமோட்டைக் குடுங்க. அம்மா, ஒரு வாளித் தண்ணி வேணும். சக்கரைப் பாக்கெட், பழைய செருப்பு, அந்தச் சாவிக் கொத்து. முறுக்கறதுக்கு ஒரு துண்டு."

"எதுக்குடி?"

"சத்தத்துக்கு. சத்தம் போடறதுதானே என் வேலை? ஒவ்வொரு காட்சியும் இருநூறு தடவை பாத்திருக்கேன். வசனம்கூட மனப்பாடம்."

படத்தை முதலிலிருந்து போட்டாள். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை வாளிக்குள் விட்டாள். ஆறு கூடத்துக்குள் வந்துவிட்டது. துண்டை முறுக்கினாள், படகின் கயிறு இறுகியது. சர்க்கரைப் பாக்கெட்டை விரலால் அமுக்கினாள். கரைமணலில் யாரோ நடந்தார்கள். இரண்டு பெண்கள் சீட்டுக்காக வரிசையில் சண்டை போட்டபோது இரண்டு குரலிலும் அவளே திட்டினாள், கிசுகிசுப்பாக அல்ல, தொண்டை திறந்து. பட்டியலார் சிரித்தார். சிரித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கை தலையணையைத் தேடியது. பிறகு தேட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து, நன்றாகவே சிரித்தார்.

அவருக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் புரிய வேண்டும் என்ற கவலை எங்கோ போய்விட்டது. சமையலறையில் கிடந்த துண்டு கயிறாக மாறுவதைப் பார்க்கும்போது மதிப்பெண் போட யாருக்குக் கை வரும்?

படத்தில் சாயங்காலம் ஆனது. சீட்டுக்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். உள்ளறையில் அவர் மனைவி உடம்பு சரியில்லாமல் தூங்குகிறாள். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போகிறார். அவ்வளவுதான் காட்சி. மகள் செருப்பை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் உள்ளங்கைகளைத் தரையில் வைத்தாள். ஓரங்களை மட்டும் ஊன்றி, மெதுவாக, ஒரு கை அழுத்தமாக, ஒரு கை பட்டும் படாமல் நடக்க வைத்தாள். மூன்று அடிக்கு ஒரு தடவை நாக்கால் "டக்" என்று ஒரு சின்னச் சத்தம்.

"அதென்ன டக்?" என்றார் பட்டியலார்.

"முட்டி சொடக்கு. நடிகர் ஷூ போட்டு நடந்தாருப்பா. எனக்கு அந்த நடை பிடிக்கல. இந்த நடையைப் போட்டேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மூன்று அடி கேட்டாள்.

"அடியே, இது உங்கப்பாடி."

மகள் திரும்பவில்லை. உள்ளங்கைகள் நடந்துகொண்டே இருந்தன. அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

"நான் இப்படியா நடக்கறேன்?" என்றார் அவர்.

"பதினெட்டு வருஷமா" என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்? நீ தூங்கிட்டில்ல இருப்ப?"

"அடியோசை கேக்காம எங்க தூங்கறது? நீங்க அந்தப் பக்கம் போறது, தண்ணி மொள்றது, மூடியை மெதுவா வைக்கறேன்னு கீழ போடறது, எல்லாம் கேக்கும். கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். சத்தம் நின்னாதான் எனக்கு முழிப்பு வரும்."

அவர் நாற்காலிக் கால்களில் மாட்டியிருந்த காலுறைகளைப் பார்த்தார். பிடுங்கிய அழைப்பு மணியை நினைத்தார். சத்தமே போடாமல் வாழ்ந்துவிட்டதாக நினைத்திருந்த மனிதரை அந்த வீட்டில் இரண்டு பேர் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி அதைக் கொண்டுபோய்ப் படத்தில் வைத்துவிட்டாள். அதைத்தான் பத்து நாளாக, "பாத்துடலாம்பா, பாத்துடலாம்பா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

படம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது தெருவில் டாக்ஸி ஹாரன் அடித்தது. மகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து, டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"மீதி?" என்றார் பட்டியலார்.

"மீதி நான் வந்து போடறேன். இல்ல, அதுக்குள்ள தியேட்டருக்கு வந்துச்சுன்னா நீங்களே போய்க் கேட்டுடுங்க."

பெட்டிகளை ஏற்றினார்கள். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, அவர் இத்தனை நாள் பயந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

எதற்கும் எண்ணில் பதில் சொல்லிப் பழகியவர். எண் ஒன்றும் வரவில்லை.

"நல்லா கேட்டுதும்மா" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள். டாக்ஸி திரும்புகிற வரை இருவரும் நின்றார்கள்.

உள்ளே வந்ததும் மனைவி, டியூட்டிக்கு முன் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடுகிறேன் என்று போய்ப் படுத்தாள். பட்டியலார் கூடத்தைத் துடைத்தார். வாளியை எடுத்துவைத்தார். கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு, கண்ணை உறுத்தாமல், எண்பத்தேழு மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருந்தது. நாளை கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அம்மாள் என்ன சொல்லுவார் என்று நினைத்துப் பார்த்து, இப்போதே கொஞ்சம் கூசிக்கொண்டார்.

பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். பாதத்தின் ஓரத்தை ஊன்றி, வழக்கம்போல். ஒன்று அழுத்தமாக, ஒன்று பட்டும் படாமல். மூன்றாம் அடியில் முட்டி "டக்" என்றது. நின்றார். அட, ஆமாம். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகக் கேட்கிறது. குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தாகம் ஒன்றும் இல்லை. இருந்தும் மறுபடி போனார். வந்தார். மறுபடி போனார்.

நாலாவது தடவை உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எத்தனை தடவைதாங்க தண்ணி குடிப்பீங்க?"